ஆண்ட்ராய்டு டெவ் ஃபோன் 1: மூன்று வருடம் கையில் வைத்திருந்த அனுபவம்

2008 டிசம்பரில் வந்த இந்த ஃபோனைக் கடையில் கேட்டு வாங்க முடியாது. 25 டாலர் கட்டி ஆண்ட்ராய்டு மார்க்கெட்டில் (இன்றைய ப்ளே ஸ்டோரின் பழைய பெயர்) செயலி எழுதும் டெவலப்பராகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் கூகுள் கொடுத்தது. விலை 399 டாலர். அனுப்பிய 18 நாடுகளில் இந்தியாவும் இருந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 20,000 ரூபாய், சுங்கவரி தனி. சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் வாங்கினேன்.

வன்பொருள் அப்படியே எச்டிசி ட்ரீம். அமெரிக்காவில் டி-மொபைல் ஜி1 என்ற பெயரில் விற்றதும் அதே ஃபோன்தான். 528 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர், 192 எம்பி ரேம், 3.2 அங்குலத் திரை. திரையை ஒதுக்கினால் அடியில் ஐந்து வரிசைக் கீபோர்டு. 2009-இல் ஆண்ட்ராய்டு 1.5 பதிப்பு வரும்வரை திரையில் தட்டச்சு செய்யவே வழியில்லை, அதனால் கீபோர்டுதான் எல்லாமே. பேட்டரி 1150 எம்ஏஎச். கழற்றி மாட்டலாம் என்பதால் பையில் எப்போதும் இன்னொன்று இருக்கும்.

வித்தியாசம் ஒன்றே ஒன்று: சிம்முக்கும் பூட்டில்லை, எந்த நிறுவனத்தின் சிம்மையும் போடலாம்; ஃபோனைத் தொடங்கிவைக்கும் நிரலான பூட்லோடருக்கும் பூட்டில்லை. நாமே கட்டிய சிஸ்டத்தை ஏற்றிப் பார்க்கலாம், சிஸ்டம் கோப்புகளையும் மாற்றவிடும் ரூட் அனுமதியும் கையிலேயே. இது எனக்கு எதற்குப் பயன்பட்டது என்றால், தமிழுக்கு.

அன்றைய ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துரு கிடையாது. எந்தத் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எழுத்துருக் கோப்புறையில் தமிழ் சேர்த்த கோப்பு ஒன்றைப் பழையதற்குப் பதிலாக வைத்து, ஃபோனை அணைத்துப் போட்டேன். எழுத்துகள் வந்துவிட்டன! அன்று இரவு தூக்கமே வரவில்லை. ஆனால் படித்துப் பார்த்தால் ஏதோ இடறியது. 'சென்னை' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு சகரத்துக்குப் பின்னால் நின்றது, இணைக்கொம்பு னகரத்துக்குப் பின்னால். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூனிகோட் குறியீட்டில் மெய் முதலில், உயிர்க்குறி அடுத்து என்றுதான் வரிசை. அதைத் திரையில் இடம் மாற்றிக் காட்டும் வேலையைச் செய்ய ஆண்ட்ராய்டுக்குள் அப்போது எதுவும் இல்லை.

அதனால் என் செயலிக்குள்ளேயே அந்த வேலையைச் செய்தேன். கொம்பை முன்னால் நகர்த்துவது, 'கொ'வை மூன்று துண்டாக உடைப்பது வரை சுலபம். கு, கூ, மு, மூ வரிசைதான் பாடாய்ப்படுத்தியது. ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் வேண்டும், அதற்குத் தனிக் குறியீடு கிடையாது. எழுத்துருவில் காலியாக இருந்த இடங்களில் அவற்றை ஒவ்வொன்றாக வைக்கவே பல வாரம் ஆனது. பூட்டிய ஃபோனாக இருந்திருந்தால் முதல் படியிலேயே நின்றிருப்பேன்.

இந்த ஃபோனுக்கு அதிகாரபூர்வமாக ஆண்ட்ராய்டு 1.6 வரைதான் வந்தது. 2010-இல், ஆர்வலர்கள் மாற்றியமைத்த ஆண்ட்ராய்டான சயனோஜென்மாட் 6 ஏற்றி 2.2-ஐப் பார்த்தேன். 192 எம்பி ரேமில் ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவே நேரம் எடுத்தது. இருந்தாலும் 2011 வரை சோதனைக்கு அதைத்தான் வைத்திருந்தேன்.

பின்னால் வந்த ஆண்ட்ராய்டு பதிப்புகளில் தமிழ் தானாகவே ஒழுங்காகத் தெரியத் தொடங்கியது. புது ஃபோனில் 'சென்னை' சரியாக வந்ததைப் பார்த்த பிறகு, என் செயலியிலிருந்த கொம்பு நகர்த்தும் நிரலை முழுவதுமாக அழித்தேன்.