எட்டு அங்குல டாப்சோனியன்: ஆறு வருஷம், ஒரு விண்மீன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் எட்டு அங்குல அகல ஆடியால் (முகம் பார்க்கும் கண்ணாடி போன்றது) ஒளியைக் குவிக்கும் இந்த டாப்சோனியன் தொலைநோக்கியோடு ஆறு வருஷம் ஓடிவிட்டது. சனியின் வளையம், நிலாவின் பள்ளங்கள் எல்லாம் அருமையாகத் தெரியும். அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் இதைக் கொண்டாடுவது ஈட்டா கரினேவுக்காக. டெல்லியில் தொடுவானத்தை ஒட்டியே நின்றுவிடும் விண்மீன், நமக்கு ஏப்ரல் நடுவில் இரவு ஒன்பது மணிவாக்கில் தெற்கே 18 டிகிரி உயரத்துக்கு ஏறி வரும். தெற்குச் சிலுவை என்று சொல்லும் திரிசங்கு விண்மீன் கூட்டத்துக்கு வலப்பக்கம் தேடுங்கள்.

முதல் இரண்டு வருஷம் வெறும் ஆரஞ்சுப் புள்ளிதான். தப்பு என்னுடையது. பகலெல்லாம் வீட்டுக்குள் சூடேறிய கண்ணாடியை மாடிக்குத் தூக்கியதும் பார்த்தேன்; அது ஆறும்வரை பிம்பம் கலங்கும். இப்போது ஒன்றரை மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுகிறேன். காற்று அடங்கிய ஒரு ராத்திரி, 10 மி.மீ. ஐபீஸோடு (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் பார்லோ லென்ஸும் போட்டு 240 மடங்கில் பார்த்தபோது புள்ளி பிரிந்தது: இரண்டு குட்டிக் குமிழ், நடுவில் ஒடுங்கிய இடுப்பு. வற்றல் பாயைச் சுருட்ட வந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "உடுக்கை மாதிரில்ல இருக்கு" என்றார்.

அந்த உடுக்கை முழுக்க வாயுவும் தூசியும். 1840களில் அந்த விண்மீன் வெடித்துச் சீறியது. 1843இல், இரவு வானிலேயே பிரகாசமான விண்மீனான சிரியஸுக்கு அடுத்த பிரகாசம். பத்துச் சூரியன்களுக்கு மேற்பட்ட நிறையை வெளியே தள்ளியும் அழியாமல் பிழைத்தது. தள்ளிய தூசியே அதை மூட, 1856க்குப் பிறகு வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. இப்போது மறுபடி தெரிகிறது. குமிழ்கள் இன்றும் விநாடிக்குச் சுமார் 650 கி.மீ. வேகத்தில் விரிகின்றன. ஆனால் தூரம் 7,500 ஒளியாண்டு என்பதால் நம் கண்ணுக்கு 18 விகலை (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு ஒரு விகலை) நீளம்தான். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தின் நிறங்களை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

குறை என்றால் உப்புக்காற்று. மூன்றாம் வருஷமே திருகுகள் துருப்பிடித்தன; மரத்தூளை அமுக்கிச் செய்த அடித்தட்டு ஐப்பசி மழையில் ஊதிவிட்டது. நான் மரக்கடையில் வேறு செய்துகொண்டேன். குழாய்க்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை கட்டாயம். கண்ணாடியைத் துணியால் துடைக்கவே கூடாது, காய்ச்சி வடித்த தண்ணீரை மேலே ஓட விட்டால் போதும். என் கண்ணாடியின் ஓரத்தில் பூச்சு உரியத் தொடங்கியிருக்கிறது, மறுபூச்சு போட வேண்டும். ஏப்ரல் முடிந்த பிறகுதான் கழற்றுவேன்.