ஜெய்ப்பூர் காலா, கார்பன் காலா?

முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். இந்த இரண்டு செயற்கைக் கால்களையும் போட்டு நடந்தவன் என்பதால் சொல்கிறேன்.

செலவு: ஜெய்ப்பூர் காலைத் தொண்டு அமைப்புகள் இலவசமாகவே தருகின்றன. கார்பன் இழைப் பாதமும், வெட்டியது போக மீந்த காலில் மாட்டும் சிலிக்கோன் உறையான லைனரும் சேர்ந்தால் லட்சத்தைத் தாண்டலாம். லைனர் தேயும், மறுபடி வாங்க வேண்டும்.

தண்ணீர்: 1968-ல் உருவான ஜெய்ப்பூர் பாதம் ரப்பரால் ஆனது. வெறுங்காலோடு கோயிலுக்குப் போகலாம், மழைத்தண்ணீரில் இறங்கலாம், குத்துக்காலிட்டும் உட்காரலாம். மற்றதில் உலோக இணைப்புகள் உண்டு. நனைந்தால் உடனே துடைக்க வேண்டும்.

நடை: இதில் கார்பன்தான். அடி வைத்ததும் முன்னே உந்தும். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பாண்டி பஜார் வரை நடந்தாலும் களைப்பு குறைவு.

வியர்வை: சென்னையில் பெரிய பாடே இதுதான். மே மாதத்தில் லைனருக்குள் வியர்வை தேங்கி, கால் வழுக்கும். மதியம் ஒருமுறை கழற்றித் துடைத்தே ஆக வேண்டும். ஜெய்ப்பூர் காலுக்குள் பருத்தி சாக்ஸ் போட்டால், ஈரமானதும் மாற்றினால் போதும். தோல் சிவந்திருந்தால் எதையும் மாட்டாதீர்கள், தயவுசெய்து.

முதல் வருடம் ஜெய்ப்பூர் கால் போதும். மீந்த கால் சுருங்கிக்கொண்டே இருக்கும், அது உள்ளே பொருந்தும் கூடான சாக்கெட்டை மாற்ற வேண்டி வரும். அப்போது பெரிய பணம் போடாதீர்கள். அப்புறம், தினமும் நெடுந்தூரம் நடக்கும் வேலை என்றால் கார்பனுக்கு மாறுங்கள். வீடு, தோட்டம், தரையில் உட்காரும் வாழ்க்கை என்றால் ஜெய்ப்பூரே இருக்கட்டும்.