கார்த் தகட்டில் இறுகிப்போன பசை: ரப்பர் வீல், தங்கூசி, மண்ணெண்ணெய் – நீண்டகாலப் பாவனை அனுபவம்

வன்னியில் ஓடும் கார்களில் கனக்க, கம்பனிப் பெயின்றோடு முழுசாக இருப்பதில்லை. ஒரு கதவாவது ஒரு மட்காட்டாவது ஏதோவொரு கராஜில் திரும்ப அடிபட்டிருக்கும். அதனால் பீடிங்கோ (கதவோரம் ஒட்டும் அலங்காரப் பட்டி) ஸ்டிக்கரோ கழன்ற இடத்தில் பசை நின்றால், அது என்ன பசை என்று பார்க்க முதல், அதற்குக் கீழே கிடப்பது என்ன பெயின்ற் என்று பார்க்க வேணும். அதே தகட்டின் மறைவான விளிம்பொன்றைக் கழுவித் துடைத்துவிட்டு, வெள்ளைத் துணியில் ரின்னர் (பெயின்ற் கரைக்கும் திரவம்) தொட்டுச் சில விநாடி தேய்த்துப் பாருங்கோ. நிறம் துணியில் இறங்கி, தகடும் பிசுபிசுத்தால் லாக்கர் பெயின்ற், அதாவது காய்ந்த பிறகும் ரின்னரில் கரையும் வகை. அந்தத் தகட்டுக்கு ரின்னரும் அசிற்றோனும் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. இறங்காவிட்டால் கம்பனிப் பெயின்றாகவோ, ஹாட்னர் (இறுக்கும் மருந்து) கலந்து அடித்த 2கே பெயின்றாகவோ இருக்கும். அது கொஞ்சம் தாங்கும்.

பெரும்பாலும் எங்களுக்கு வந்து சேருவது பீடிங்கும் டோர் வைசரும் (கதவுக் கண்ணாடிக்கு மேலான மழைத் தடுப்பு) ஒட்டுகிற இரட்டைப்பக்க ஃபோம் ரேப். முதலில் சவர்க்காரத் தண்ணியால் நன்றாகக் கழுவ வேணும். கச்சான் காற்றுக் காலத்தில் கிரவல் தூசி பசையின் ஓரத்தில் அப்பிக் கிடக்கும். கழுவாமல் தேய்த்தால் அதுவே அரத்தாள்போல் கீறும். பிறகு தகட்டைச் சூடாக்க வேணும். ஹீற் கண் (சூடான காற்று ஊதும் கருவி) இல்லையென்றால் குறை இல்லை. மத்தியான வெயிலில் ஒரு மணித்தியாலம் நிற்பாட்டினால் ஃபோம் இளகக் காணும். ஹீற் கண் பிடிப்பவர்கள் ஓரிடத்தில் நிற்பாட்டாமல் ஆட்டிக்கொண்டே பிடிக்க வேணும். பிளாஸ்ரிக் பம்பரில் அது ஒரு கணத்தில் நெளிவு விழுத்திவிடும். அங்கே தலைமயிர் உலர்த்தி போதும்.

வெட்டுவதற்குத் தங்கூசியை (மீன்பிடி நைலோன் நரம்பு) விட நல்ல சாமான் கிடைக்கவில்லை. முல்லைத்தீவுப் பக்கம் வலைச்சாமான் விற்கும் கடைகளில் மலிவாக வாங்கலாம். 0.5 மி.மீ. அளவில் எடுங்கோ, அதைவிட மெல்லிசு பாதியில் அறும். இரண்டு முனையையும் தடியில் சுற்றிக்கொண்டு, பீடிங்குக்குப் பின்னால் விட்டு, அரிவாள் இழுப்பதுபோலல்லாமல் வாள் அறுப்பதுபோல் இழுக்க வேணும். இரும்புத் தகட்டுக் கத்தியால் நெம்பினால் பெயின்ற் அடியோடு பெயரும்.

இனி மிச்சம் நிற்கும் பசைக்கு ரப்பர் வீல். டிறிலில் பூட்டுகிற இந்த நாலு அங்குல வீலுக்குத்தான் இவ்வளவு காலப் பாவனையில் முதலிடம். கம்பனிப் பெயின்றில் ஃபோம் மிச்சத்தையும் பழைய ஸ்டிக்கரையும் துகளாக உருட்டி எடுத்துவிடும், பெயின்றைத் தின்னாது. ஆனால் இதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. இந்த அளவு வீல்களில் பொதுவாக உச்ச வேகம் 4000 சுற்று என்றுதான் போட்டிருக்கும். நாலு அங்குலக் கிறைண்டரோ 11,000 சுற்றுக்குக் கிட்ட ஓடும். கிறைண்டரில் பூட்டினால் பெயின்ற் எரியும், வீல் பிய்ந்து முகத்துக்கும் வரும். டிறில்தான், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட வேணும். அழுத்தாமல், வீலின் பாரத்திலேயே ஓடவிட்டு, ஒரே இடத்தில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைக்காமல் நகர்த்த வேணும். இடைக்கிடை தகட்டைத் தொட்டுப் பாருங்கோ, சுட்டால் நிற்பாட்டுங்கோ.

முன்னுக்கு வெயில் வேணும் என்றோம். இதற்கு நிழல் வேணும். சுட்ட தகட்டில் ரப்பரே உருகி மண்ணிறப் பூச்சாக அப்பிவிடும், பிறகு அதை எடுக்க வேறு வேலை. வெட்டினதோடு வண்டியை நிழலுக்கு எடுத்து, ஆறினபிறகு வீலைப் போடுங்கோ. தகட்டின் கூர் விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயின்ற் மெல்லிசு. அங்கே வீல் வேண்டாம், பெருவிரலால் உருட்டியே எடுங்கோ. லாக்கர் தகட்டுக்கும் அப்படித்தான்: இளஞ்சூடும் விரலும் பொறுமையும்.

கடைசியாக நிற்கும் மெல்லிய பிசுக்குக்கு மண்ணெண்ணெய். துணியில் நனைத்து பத்து நிமிசம் மேலே போட்டுவைத்தால் ஊறி இளகும். லாக்கரிலும் முதலில் மறைவில் தொட்டுப் பார்த்துச் செய்யலாம். பெற்றோல் வேண்டவே வேண்டாம். டிறிலின் தீப்பொறியும் பெற்றோல் ஆவியும் ஒரே கராஜில் இருக்கக் கூடாது. மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படை விடும், ஆகவே சவர்க்காரத்தால் கழுவி, பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்துத்தான் புது ரேப் ஒட்ட வேணும். ஒட்டினால் ஒருநாள் முழுக்கத் தண்ணி படாமல் விடுங்கோ. முழுப்பிடி பிடிக்க மூன்று நாள் செல்லும்.

சுப்பர் குளூ என்றால் அசிற்றோன், அதுவும் கம்பனிப் பெயின்றில், காது துடைக்கிற பஞ்சுக்குச்சியால் பசையில் மட்டும் தொட்டு. விளக்குக் கண்ணாடியிலும் பிளாஸ்ரிக்கிலும் பட்டால் வெளிறிப்போகும். அரல்டைட் வகைக்கு (இரண்டு குழாய் கலந்து ஒட்டும் எப்பொக்சிப் பசை) சூடுதான். இளகும்போது பிளாஸ்ரிக் தகட்டால் தள்ளலாம், பெயின்றும் சேர்ந்து வர ஆயத்தமாக இருங்கோ. சிலிக்கனை விரலாலும் பிளாஸ்ரிக் தகட்டாலும் உரிக்கலாம். ஆனால் அதன் படை கொஞ்சம் நின்றாலும் அடுத்து அடிக்கும் பெயின்ற் மீன்கண்போலக் குழி குழியாக விலகும்.

முன்கண்ணாடி ஒட்டுகிற கறுப்புப் பொலியூரித்தேன் இறுகிவிட்டால் எந்த ரின்னரிலும் கரையாது. வெட்டித்தான் எடுக்க வேணும். கண்ணாடிச் சட்டத்தில் அது நல்ல பிடியோடு நின்றால் முழுக்கச் சுரண்டாமல் ஒன்றிரண்டு மி.மீ. விட்டுவிடுங்கோ, புதுப் பசை அதில்தான் நன்றாகப் பிடிக்கும். சுரண்டித் தகடு வெளியே தெரிந்தால் அன்றைக்கே பிரைமர் அடியுங்கோ. கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் துரு காத்திராது.

எல்லாம் எடுத்தபிறகும் பீடிங் நின்ற இடம் கருமையாகத் தெரிந்தால் பலர் அதைப் பசை என்று எண்ணித் தேய்த்துக்கொண்டே போய் பெயின்றை அறுத்துவிடுகிறார்கள். ஈரத்துணியால் துடைத்து விரலை ஓடவிடுங்கோ. வழுவழுப்பாக இருந்தால் அங்கே பசை இல்லை; சுற்றிவர உள்ள பெயின்ற் வெயிலில் வெளிறியிருக்கிறது, அவ்வளவுதான். கொம்பவுண்ட் (பெயின்றை மினுக்கும் பசை) போடுவதென்றால் வெளிறின பக்கத்துக்குப் போடுங்கோ.