பழைய கோவில் சுவருக்கு எதை வாங்குவது: வாளிப் பெயின்ற், மூட்டைச் சுண்ணாம்பு, குழிச் சுண்ணாம்பு

கொடியேற இரண்டு கிழமை இருக்கும்போதுதான் வன்னியில் பல கத்தோலிக்கக் கோவில் வளவுகளில் பெயின்ற் வாளி வந்து இறங்கும். சீமெந்துக் கட்டடம் என்றால் பிழையில்லை. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டின பழைய கோவிலுக்கு அந்த வாளி ஆகாது. கடையில் கிடைக்கும் மூன்றையும் அந்தச் சுவரை வைத்தே இங்கே எடைபோடுகிறோம்.

வாளிப் பெயின்ற், அதாவது பிளாஸ்ரிக் எமல்சன், பூசின அன்று கண்ணைப் பறிக்கும். மாரி வந்ததும் சுவரின் அடிப்பக்கம் கொப்புளம் போடும். பெயின்ற்றின் தரம் இதற்குக் காரணமல்ல. பழைய அத்திவாரத்தில் ஈரத்தடுப்பு இல்லை. நிலத்து ஈரம் சுவரில் ஏறி, பூச்சு வழியாக ஆவியாகிப் போகவேண்டும். பிளாஸ்ரிக் தோல் அந்த வழியை அடைக்கிறது. ஈரத்தோடு ஏறின உப்பு தோலுக்குப் பின்னால் பூத்து, பெயின்ற்றையும் பூச்சையும் சேர்த்துத் தள்ளும். அடிப்பகுதிக்கு மட்டும் சீமெந்து பூசுவது இன்னும் மோசம். ஈரம் சீமெந்தைத் தாண்டி மேலே ஏறி, அங்கே இருக்கும் நல்ல பூச்சைத் தின்னும். பத்துக்கு இரண்டு புள்ளி, அதுவும் நிறத்துக்காக.

மூட்டைச் சுண்ணாம்புக்குப் பத்துக்கு ஏழு கொடுக்கலாம், மூட்டை புதிதாக இருந்தால். சுட்ட கல்லில் தண்ணீர் விட்டு நீற்றின தூள்தான், ஆனால் கடையில் கனகாலம் கிடந்தால் காற்றுப் பட்டு மறுபடி கல்லாகிவிடும். தென்னைக்குப் போடும் டொலமைட் தூளைச் சுண்ணாம்பு என்று வாங்கி வருபவர்களும் இருக்கிறார்கள். அது சுடாத கல்மாவு, இறுகவே இறுகாது. இரண்டையும் கடை வாசலிலேயே பிடிக்கலாம். ஒரு சிட்டிகை தூளை மஞ்சள் தண்ணீரில் கலக்குங்கள். ஆலாத்தித் தட்டுப்போல இரத்தச் சிவப்பானால் சுண்ணாம்பு. பிறகு இன்னொரு சிட்டிகையில் வினாகிரி விடுங்கள். நல்ல தூள் பேசாமல் கரையும், பழசு நுரைத்துப் பொங்கும்.

25 கிலோ தூளுக்கு ஏறக்குறைய 30 லீற்றர் தண்ணீர். பரலில் தண்ணீரை முதலில் விட்டு, தூளைப் பிறகு தூவவேண்டும். மாறிச் செய்தால் கட்டி விழும். சவர்த்தண்ணி வேண்டாம், அதிலுள்ள உப்பு சுவரில்தான் வந்து நிற்கும். ஒரு நாள் ஊறினால் போதும் என்பார்கள். இரண்டு கிழமை ஊறினதைத் தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: வெண்ணெய்போல வழுவழுப்பாக, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டி நிற்கும். இதில் 40 லீற்றர் களி வரும். அதோடு 120 லீற்றர் ஆற்று மணல் சேர்த்தால் அரை அங்குலத் தடிப்பில் 100 சதுர அடி பூசலாம். மணல் கழுவினதாக, பெருமணியும் பொடிமணியும் கலந்ததாக இருக்கட்டும். வெறும் பொடிமணல் வெடிக்கும், கடல்மணலைக் கிட்டவும் கொண்டுவரக்கூடாது. கலவைக்குத் தண்ணீர் கூட்டாதீர்கள், நன்றாகப் பிசைந்து மிதித்தாலே இளகும்.

குழிச் சுண்ணாம்பு என்பது சுட்ட கல்லைத் தண்ணீரில் நீற்றி, மாதக்கணக்கில் தண்ணீருக்குள் புதைத்து வைத்த களி. பத்துக்கு ஒன்பது. கிடைப்பது அருமை, அதுதான் குறை. நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் கிட்டப் போகக்கூடாது. கண்ணில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் கனநேரம் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடல் முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பு என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள், முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை.

இவ்வளவு பாடு எதற்கு என்பவர்களுக்குத் தாவுல் ஊர்க் கோவிலைக் காட்டலாம். ஸ்பெயினின் கத்தலோனியா மலைக்குள் இருக்கும் சிற்றூர் அது. அங்கே புனித கிளமெந்து கோவில் 1123 டிசெம்பர் 10இல் அபிஷேகம் செய்யப்பட்டது. மூன்று நடைப்பகுதி, மரக்கூரை, கீழ்த்திசையில் அரைவட்டப் பீடப்பகுதி, பக்கத்தில் ஆறு அடுக்கு மணிக்கோபுரம். பீடத்துக்கு மேலே அரைக் குவிமாடத்தில் ‘நானே உலகின் ஒளி’ என்று இலத்தீனில் எழுதின புத்தகத்தை ஏந்தி ஆண்டவர் அமர்ந்திருக்கும் ஓவியம், சுண்ணாம்புப் பூச்சில் தீட்டினது. பூச்சு ஈரமாயிருக்கும்போது தண்ணீரில் குழைத்த நிறத்தை வைத்தால், சுண்ணாம்பு காற்றைக் குடித்துக் கல்லாகும்போது நிறத்தையும் தனக்குள் கட்டிப்போடும். மேலே ஒட்டின படலமல்ல, அதனால் தானாக உரியாது. நீலத்துக்குக்கூடத் தூரதேசம் போகவில்லை; பிரெனீஸ் மலைகளில் கிடைக்கும் ஏரினைற் என்ற கனிமத்தை அரைத்தார்கள். 1919க்கும் 1923க்கும் இடையில் அந்தப் பள்ளத்தாக்கின் ஓவியங்களைப் பசைத்துணி ஒட்டி உரித்து பார்சிலோனாவுக்குக் கொண்டுபோனார்கள். 2013 முதல் கோவிலின் வெறுஞ்சுவரில் ஒளிபாய்ச்சி அந்தப் படத்தைக் காட்டுகிறார்கள்.

சுலோவேனியாவின் ஹிராஸ்தோவ்லியே கோவிலில் 1490இல் முடித்த ஓவியங்கள் பூச்சுக்கு அடியிலே கிடந்து 1949இல்தான் வெளிப்பட்டன. வன்னிக்கு இதில் நேரடியாக எடுக்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. பீடத்துக்கு மேலுள்ள வளைவிலும் யன்னல் ஓரத்திலும் கம்பித் தூரிகையையோ அரைக்கும் மெசினையோ வைக்கமுன், உள்ளங்கை அளவு இடத்தைச் சிறு கத்தியால் படிப்படியாகச் சுரண்டிப் பாருங்கள். வெங்காயத் தோல்போல வெள்ளை, நீலம், மஞ்சள், மறுபடி வெள்ளை என்று ஓரத்தில் வரிவரியாகத் தெரியும். அதற்குள் ஒரு கொடிக்கோடோ எழுத்தின் காலோ தெரிந்தால் வேலையை நிறுத்திப் படம் எடுத்து, பங்குச் சுவாமியாருக்கு அறிவியுங்கள். சுரண்டினது திரும்ப வராது.

பூசுவதில் பிழைப்பது பெரும்பாலும் அவசரத்தால்தான். சுவரை முதல்நாளும் அன்று காலையும் நனைக்கவேண்டும். ஒரு தட்டுக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. சோளகக் காற்று ஒரே பின்னேரத்தில் ஈரத்தை உறிஞ்சினால் பூச்சு இறுகாமல் மாவாக உதிரும். நனைத்த சாக்கை ஒரு கிழமை தொங்கவிடுங்கள். மடுவின் ஆடித் திருநாள் காலம் இந்த வேலைக்கு மகா கூடாத காலம். மாரி விட்டபின், மாசி பங்குனியில் தொடங்குவது நல்லது.

வெள்ளையடிக்கக் களியைப் பால் பதத்துக்குக் கரைத்து அரித்து, நாளுக்கு ஒன்றாக நாலைந்து தரம் மெல்லிசாகப் பூசவேண்டும். முதல் தரம் சுவர் தெரியும், ஒன்றும் ஒட்டவில்லைபோல இருக்கும். காய்ந்தபிறகுதான் வெண்மை எழும். அதைப் பார்த்துப் பயந்து தடிப்பாக அடித்தால் கையில் ஒட்டும். நிறத்துக்குக் காவியும் மஞ்சள் மண்ணும் சேரும், சுண்ணாம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சலவை நீலத்தில் தூள் நீலம் நிற்கும். போத்தலில் வரும் நீலம் சாயம், வெளிறிவிடும்.

ஏற்கெனவே எமல்சன் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. முதலில் அந்தத் தோலை முழுக்க எடுக்கவேண்டும், அதற்கும் சேர்த்தே கூலி பேசுங்கள்.