தக்கலை–நாகர்கோவில் தடத்தில் மின்சார ஸ்கூட்டர், பெட்ரோல் ஸ்கூட்டர், பேருந்து: ஒரே வீட்டின் கணக்கு

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இரண்டு வழிகள்தான் இருந்தன: ஒன்று பேருந்து, இன்னொன்று பெட்ரோல் வண்டி. மின்சார ஸ்கூட்டர் வந்த பிறகு அந்தக் கேள்வி மும்முனையாகிவிட்டது. நான் எட்டு ஆண்டுகள் பெட்ரோல் ஸ்கூட்டரில் போய்வந்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாக மின்சார ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். என் மனைவி பேருந்தை விட்டதே இல்லை. ஆகவே இந்த ஒப்பீட்டுக்கு நான் வெளியே எங்கும் போக வேண்டியதில்லை.

முதலில் ஓட்டச் செலவு. போகவர 32 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்று வைத்தால் 832 கிலோமீட்டர் வருகிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தந்த என் பழைய வண்டிக்கு இதற்குப் பதினெட்டரை லிட்டர் வேண்டும். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும்போது 1,850 ரூபாய்க்குக் குறையாது. மின்சார ஸ்கூட்டரோ சுவரிலிருந்து ஒரு யூனிட் எடுத்து ஏறத்தாழ 26 கிலோமீட்டர் ஓடுகிறது. மாதம் 32 யூனிட்டுக்கு, யூனிட் 6 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும், 200 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு அளவையே சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டு மீதியை வெப்பமாக வெளியே விடுகிறது. மின் மோட்டார் தான் வாங்கியதில் எண்பது சதவீதத்துக்கு மேல் சுழற்சியாக மாற்றுகிறது. இவ்வளவு பெரிய வித்தியாசம் பிறப்பது இங்கேதான்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் வீட்டு மின் கட்டணம் இரு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் கீழ்ப்படியில் இருந்த யூனிட்டுகள் சிலவற்றுக்கும் சலுகை விகிதம் போய்விடும். ஏசி ஓடும் வீட்டில் ஸ்கூட்டரின் 64 யூனிட் அந்தக் கோட்டைத் தாண்டவைக்கப் போதுமானது. சித்திரை, வைகாசி மாதக் கட்டணத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

வாங்கும் விலையில் பெட்ரோல் வண்டிக்கே சாதகம். அந்தச் சாதகம் இப்போது கூடியும் இருக்கிறது. மின்சார வண்டி வாங்குவதற்கு மத்திய அரசு தந்த ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டத்தின் மானியம் 2023 ஜூன் 1 முதல் குறைக்கப்பட்டது. 2024 அக்டோபரில் அடுத்து வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் அது பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 5,000 ரூபாயாக இருந்து, 2025 ஏப்ரலிலிருந்து 2,500 ரூபாயாகச் சுருங்கியது. மறுபுறம், 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது; மின்சார வண்டிகளுக்கு ஏற்கெனவே இருந்த 5 சதவீதம் அப்படியே நிற்கிறது. விலை வித்தியாசம் நாற்பதாயிரம் என்று வைத்தாலும், என் ஓட்டத்துக்கு இரண்டு ஆண்டுகளில் அது கழிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் கடைத்தெருவுக்குப் போகிறவருக்கு அது எளிதில் கழியாது.

சாலையைப் பொறுத்தவரை, கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் மேடு பள்ளம் மின்சார வண்டிக்கு ஒத்துவருகிறது. மோட்டாரின் இழுவிசை நின்ற இடத்திலிருந்தே முழுதாகக் கிடைப்பதால் ஏற்றத்தில் திணறுவதில்லை. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் திரும்பியும் வருகிறது. மழைதான் வேறு கதை. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. போன ஐப்பசி மழையில் ஒரு காலை என் வண்டியின் திரை இருண்டுபோய் எதற்கும் அசையவில்லை. வாங்கிய கடையில் விட்டேன். உதிரிப்பாகம் வரவேண்டும் என்று பதினொரு நாள் வைத்திருந்தார்கள். பழைய பெட்ரோல் வண்டி மழையில் நின்றபோதெல்லாம் வில்லுக்குறி பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். அந்த ஒர்க்‌ஷாப்காரர் என் புது வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, டயருக்குக் காற்று மட்டும் அடித்துக் கொடுத்தார். ஆயில் மாற்றுவதும் கார்புரேட்டர் சுத்தம் செய்வதுமாக நடக்கும் அவர் தொழிலில் இந்த வண்டிக்கு வேலையே இல்லை.

தீப்பற்றும் என்ற அச்சம் பலருக்கு இன்னும் இருக்கிறது. 2022இல் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்ததை அடுத்து பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தன. ஆகவே பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்குகிறவர் தயாரிப்புத் தேதியைப் பார்ப்பது நல்லது.

பெட்ரோல் இன்னும் அசைக்க முடியாமல் நிற்கும் இடம் பாரம் ஏற்றும் தொழில். குளச்சலில் மீன் எடுத்து எக்செல் வண்டியில் பெட்டி கட்டி ஊர் ஊராக விற்கிறவர், அங்கே வரத்து இல்லையென்றால் தேங்காய்ப்பட்டணத்துக்கோ சின்னமுட்டத்துக்கோ போகத் தயாராக இருக்க வேண்டும். அவருடைய அன்றைய தூரம் கடல் முடிவு செய்வது. எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரரிடம் மின்சார வண்டியைப் பற்றிப் பேசியபோது, “சார்ஜ் ஏறுத வரைக்கும் மீன் பொறுத்திருக்குமா அண்ணே?” என்று கேட்டார். உப்புத் தண்ணீர் சொட்டும் பெட்டிக்கு அடியில் மின் இணைப்புகள் இருப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை; அது நியாயமான தயக்கம்தான்.

முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் சுழலும் மாவட்டத்தில் மின்சார வண்டி ஓட்டுவது காற்றிலேயே ஓட்டுவது போல என்று சொல்கிறவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தென்மேற்குப் பருவத்தில்தான் வலுத்து வீசும். ஸ்கூட்டருக்கு மார்கழி இரவிலும் சார்ஜ் வேண்டும். அனல், அணு, நீர், காற்று எல்லாம் கலந்த பொதுத் தொகுப்பிலிருந்துதான் அது வருகிறது.

பேருந்து விஷயத்தில் என் மனைவியிடம் தோற்றுவிட்டேன். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே 8 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. அவருடைய மாதச் செலவு பூஜ்யம், என்னுடையது 200 ரூபாய். அவருக்கு நேரம்தான் செலவாகிறது: எனக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும் வழிக்கு, காத்திருப்பையும் சேர்த்து, அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இரவு திரும்பத் தாமதமானால் என்னைத்தான் அழைக்கிறார்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் ஆசிரியர் இந்தக் கணக்கையெல்லாம் என்னோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தவர். தினமும் 40 கிலோமீட்டர் போகிற அவருக்கு மின்சார ஸ்கூட்டர்தான் லாபம் என்று இருவருமே ஒத்துக்கொண்டோம். சில நாள் நண்பரின் வண்டியை வாங்கிவந்து ஓட்டியும் பார்த்தார். இரவில் ஜன்னல் வழியாகக் கீழே ஒயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போட்டார். மூன்றாம் நாள் மழை பெய்தது, வீட்டு உரிமையாளர் ஒயரைச் சுருட்டச் சொன்னார். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் இருக்கும் ஒரே பிளக் பாயிண்ட் என் மீட்டரில் ஓடுகிறது. தனி மீட்டர் வைக்க உரிமையாளர் சம்மதிக்கவில்லை. அடுத்த வாரம் அவர் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டினார்.