மொனே தோட்டப் படத்தைப் பார்த்து ஆயில் பெயின்டிங் கத்துக்கற ஆன்லைன் கோர்ஸ்: எடுக்கலாமா?

முதல்லயே சொல்லிடறேன், பிரஷ்ஷே பிடிச்சதில்லைன்னா இது வேணாம். ஆப்பிள், குடம்னு ஏதாவது ஆயில்ல போட்டுப் பாத்துட்டு, அடுத்து மனுஷங்க இருக்கற மாதிரி வெளிச்சமா ஒரு படம் பண்ணணும்னு நினைக்கறவங்களுக்குத்தான் செட் ஆகும். எல்லாமே ரெக்கார்டட் வீடியோ, டவுட் கேட்டா பதில் வரும் ஆனா மெதுவா வரும்.

காப்பி பண்ண எடுத்திருக்கற படம் பிரெஞ்சு ஓவியர் மொனேவோட 'தோட்டத்தில் பெண்கள்', 1866ல ஆரம்பிச்சு 67ல முடிச்சது, இப்போ பாரிஸ்ல ஓர்சே மியூசியத்துல இருக்கு. வெள்ளையும் வெளிர் கலருமா கவுன் போட்ட நாலு பொண்ணுங்க, நடுவுல ஒரு மரம், மண் பாதை மேல குறுக்கால விழற நிழல், அவ்ளோதான். ஒரிஜினல் ரெண்டரை மீட்டர் உயரம், மேல்பக்கம் வரையறதுக்காக அந்த மனுஷன் தோட்டத்துல பள்ளமே வெட்டி கேன்வாஸை அதுக்குள்ள இறக்கி வரைஞ்சிருக்காரு, அப்படி வெளியில உக்காந்து உழைச்ச படத்தை 1867ல சலோன்னு பாரிஸ்ல நடந்த பெரிய ஓவியக் கண்காட்சியில வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

கோர்ஸ்ல 12க்கு 16 இன்ச் கேன்வாஸ் வாங்கச் சொல்றாங்க, அங்கயே எனக்கு இடிக்குது. ஒரிஜினல் 255க்கு 205 செமீ, அதாவது கிட்டத்தட்ட 5க்கு 4. 16க்கு 20 இன்ச் எடுத்தா கட்டம் போட்டு படத்தை கேன்வாஸுக்கு மாத்தும்போது அப்படியே பொருந்தும், இவங்க சொல்ற சைஸ்ல ஒண்ணு பக்கத்துல வெட்டணும் இல்ல ஆளுங்களை இழுத்து ஒல்லியாக்கணும், முகமும் ரொம்ப சின்னதாயிடும்.

ஆனா அந்த வெள்ளை டிரஸ் கிளாஸ் இருக்கே, அதுக்காகவே வாங்கலாம். கீழ உக்காந்திருக்கற பொண்ணோட பாவாடைல நிழல் விழற இடம் நம்ம மூளைக்கு வெள்ளைன்னுதான் தோணும், ஆனா ஒரு அட்டைல சின்ன ஓட்டை போட்டு அது வழியா அந்த இடத்தை மட்டும் பாத்தா நல்லா நீலமும் ஊதாவுமா இருக்கும். டைட்டானியம் வெள்ளைல அல்ட்ராமரைன் நீலம், கூட ஒரு துளி அலிசரின் சிவப்பு, வெயில் படற பக்கம் வெள்ளையோட கொஞ்சூண்டு மஞ்சள் ஓக்கர், இப்படி சொல்லித் தர்றவர் ரெண்டு குவியல் கலந்து வச்சுட்டு நடுவுல கருப்பே தொடாம முழு பாவாடையும் முடிக்கறாரு, பாக்கவே ஜாலியா இருக்கு. குடைக்குக் கீழ இருக்கற முகமும் அப்படித்தான், கண்ணு மூக்குன்னு வரையாம, கண்ணைச் சுருக்கிப் பாத்து, பாவாடைல பட்டுத் திரும்பற வெளிச்சத்தை ஒரு திட்டு, நிழலை ஒரு திட்டுன்னு வச்சு விட்டுடச் சொல்றாரு. ஆளுங்களை வரைய பயப்படறவங்களுக்கு அந்த பயம் போயிடும்.

செடி கொடி கிளாஸ் சுமார். ட்யூப்ல வர்ற பச்சையை அப்படியே அப்பறாரு, தோட்டம் பிளாஸ்டிக் மாதிரி ஆயிடுது. அல்ட்ராமரைனும் காட்மியம் மஞ்சளும் கலந்து, ரொம்ப பளிச்சுன்னா பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பு துளி சேத்துக்கோங்க, எவ்வளவோ தேவலை.

பெரிய குறை காயற விஷயம். 'காஞ்சதும் அடுத்த லேயர்'னு ஒரு வரில முடிச்சிடறாங்க. ஆயில் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயறதில்லை, காத்துல இருக்கற ஆக்சிஜனை எடுத்துக்கிட்டுத்தான் இறுகும், அம்பர்ங்கற பழுப்பு கலர் சீக்கிரம் காயும், அலிசரின் இழுத்தடிக்கும். அடி லேயர்ல பெயின்ட்டை நீர்க்க வைக்கற டர்பன்டைன் விட்டு மெலிசா, மேல போகப் போக லின்சீட் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிப் போடணும், மாத்திப் பண்ணா பின்னாடி விரிசல் விடும். இதைச் சொல்லாம எப்படி கோர்ஸ் நடத்தறாங்கன்னு புரியல. லின்சீட் துடைச்ச துணியைக் கசக்கி குப்பைல போட்டா தானாவே சூடாகித் தீ பிடிக்கும், விரிச்சுக் காயப் போடணும், அதைப் பத்தியும் ஒரு வார்த்தை இல்ல.

இன்னொண்ணு, அவங்க குடுக்கற ரெஃபரன்ஸ் ஃபோட்டோ மஞ்சளா இருக்கு. மியூசியம் சைட்ல இருக்கற படத்தையும் பக்கத்துல வச்சுக்கோங்க, ஸ்கிரீன் பிரைட்னஸையும் குறைச்சுக்கோங்க, இல்லன்னா நாம கலக்கற கலர் எல்லாம் டல்லாவே தெரியும்.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். ஆஃபர் வரும்போது வாங்குங்க, முழு விலைக்கு வேணாம். சர்ட்டிஃபிகேட்டும் தர்றாங்க, அதை வச்சு என்ன பண்றதுன்னுதான் தெரியல.