மூளை ரத்தக் குழாய் அழற்சி: முதலில் திசுப் பரிசோதனையா, ஸ்டீராய்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறை எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களில் ஒருவர் சில வாரங்களுக்குள் பேரனின் பெயரை மறந்து, தலைவலியோடு குழம்பி, வலிப்பும் கண்டால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மறதி நோய் ஆண்டுக்கணக்கில் வளர்வது. வாரக்கணக்கில் சரிந்தால் காரணம் வேறாக இருக்கலாம்.

அப்படிப்பட்ட காரணங்களுள் ஒன்று மூளை ரத்தக் குழாய் அழற்சி. மூளையின் மேற்பரப்பிலுள்ள சிறு ரத்தக் குழாய்ச் சுவர்களில் அமிலாய்டு புரதம் படிவது முதுமையில் பலருக்கு உண்டு. சிலருக்கு மட்டும் உடலின் எதிர்ப்பாற்றல் அந்தப் படிவைத் தாக்க, குழாய்கள் அழன்று மூளை வீங்குகிறது. பெரும்பாலும் மருந்துக்கு இசையும் நோய் இது என்பதால்தான் தாமதம் கொடுமையாகிறது.

மண்டையைத் திறந்து துளித் திசு எடுத்துப் பார்த்தால் உறுதி கிடைக்கும். புற்றுநோயா, கிருமித் தொற்றா என்ற ஐயமும் பெரும்பாலும் தீரும். ஆனால் அழற்சி திட்டுத் திட்டாகவே இருப்பதால் எடுத்த துண்டில் அது அகப்படாமலும் போகலாம். நொய்ந்த குழாய்கள் கசியும் அபாயமும் உண்டு.

அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தை முதலில் தொடங்குவதென்றால் எம்ஆர்ஐ படம்தான் ஆதாரம். சிடி ஸ்கேன் போதாது, நுண்கசிவுகள் எனும் மிகச் சிறு ரத்தக் கசிவுகள் அதில் தெரிவதில்லை. எம்ஆர்ஐயில் மூளையின் உட்புற வெண்பகுதியில் ஒரு பக்கம் மிகுந்த வீக்கமும் கருப்புப் புள்ளிகளாக நுண்கசிவுகளும் தெரிய வேண்டும். இந்த நோயைக் கண்டறிய 2016இல் வெளியான அளவுகோல்கள் அழற்சி உள்ளவர்களில் 82 சதவீதத்தினரை இனங்கண்டன. அழற்சியில்லா அமிலாய்டு நோயாளிகளில் 97 சதவீதத்தினரைச் சரியாக விலக்கின. அந்தச் சோதனையில் லிம்போமா என்ற புற்றுநோய் உள்ளவர்கள் ஒப்பிடப்படவில்லை என்பதை மறக்கக்கூடாது. லிம்போமாவும் ஸ்டீராய்டுக்குத் தற்காலிகமாகச் சுருங்கும். பிறகு திசு எடுத்தாலும் விடை மங்கிவிடும்.

ஆகவே படம் தெளிவாக இருந்தால் ஸ்டீராய்டே முதல் என்பேன். சுமார் மூன்று வாரங்களில் தேறாவிட்டால் திசுப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. நுண்கசிவே இல்லை, கட்டி போன்ற தோற்றம் என்றால் வரிசை மாறவேண்டும்: அவசரம் இல்லையேல் திசுவே முதலில்.

நம் வீடுகளில் இனிப்புநீர் இல்லாத முதியவர் குறைவு. ஸ்டீராய்டு சர்க்கரையை எகிறவைக்கும்; உறங்கும் காசநோயையும் எழுப்பிவிடும். இரண்டையும் ஈப்போவில் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தாத்தா தெளிந்து பேசத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். மாதக்கணக்கில் படிப்படியாகவே குறைப்பார்கள். பிள்ளைகள் கோலாலம்பூரில் இருந்தால், அந்த அட்டவணையைப் பார்த்து மாத்திரை கொடுக்கும் பொறுப்பு வீட்டிலுள்ள ஒருவரிடம் இருக்க வேண்டும்.